சுவரைப் பார்த்த நாற்காலி

போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஏதோ சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வந்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே "பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் தன் மூத்த மகளின் பெயரையும் அவள் பிறந்த வருஷத்தையும் மீன் விலை கேட்கிற குரலில் சொன்னார். பிறகு போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு, அதில் வந்திருந்த ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். வரிசையில் ஒன்பது பேர் நின்றோம். ஒன்பது பேருக்கும் காது நன்றாகவே கேட்டது.

"ஏங்க, அவுக பாஸ்வேர்டை அவுகளே அடிக்கட்டுமே. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புனா என்ன?" என்றேன்.

"திரும்பி உக்காந்தா வேலை ஓடுமா மேடம்?" என்றார் கடைக்காரர். வரிசை முழுக்கச் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண்ணே என் பக்கம் திரும்பி, "விடுங்கக்கா, எங்கிட்ட என்ன இருக்குன்னு எடுத்துட்டுப் போகப் போறாக?" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. என் வேலையை முடிக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

எங்கிட்ட என்ன இருக்கு என்ற அதே வார்த்தையைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழக்கரையில் நானும் சொன்னேன். ஒருவரின் முகத்துக்கு நேராக, குரலை உயர்த்திச் சொன்னேன். அவர் திரும்பி உட்காரத் தெரிந்தவர். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதமாட்டேன். "என் பேரை எதுக்குடி அங்கன போட்டே?" என்று எங்கிருந்தாவது கேட்பார். எல்லோரையும் போல நானும் லாத்தா என்றே சொல்லிவிடுகிறேன். அக்காவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

லாத்தா தன் வீட்டின் முன்னறையில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். தெருப்பக்கம் ஒரு கதவு, பெண்கள் போய்வருகிற முடுக்குப் பக்கம் ஒரு கதவு. காலையில் யாரும் வரலாம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருக்கதவைச் சாத்திவிடுவார், பெண்கள் மட்டும்தான். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவருக்கு ஒரு சுழல் நாற்காலி. எங்கோ மூடிப்போன அலுவலகத்திலிருந்து ஏலத்தில் வந்த நாற்காலி அது. திரும்பும்போதெல்லாம் கிரீச்சென்று கத்தும். எண்ணெய் விடச் சொன்னால், "கத்தட்டும். நான் திரும்பிட்டேன்னு உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியணும்ல" என்பார்.

அவர் செய்த தொழிலே அந்தத் திரும்பல்தான் என்று இப்போது தோன்றுகிறது. யார் பாஸ்வேர்டு அடிக்க விரலை எடுத்தாலும் நாற்காலி கத்தும். அவர் முகம் சுவருக்குப் போய்விடும். சுவரில் பச்சைச் சுண்ணாம்பு உரிந்துகொண்டிருக்கும், நடுவில் தொழுகை நேரம் போட்ட காலண்டர் தொங்கும். அதை வாசித்துக்கொண்டிருப்பார். பக்கத்து இருக்கையில் இருப்பவளும் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், "அங்கன என்ன உன் கல்யாணப் பத்திரிகையா ஓடுது?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்பார். முதுகில் கண் இருக்கிறதோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

பாஸ்வேர்டை அவரிடம் சொல்ல வாயெடுத்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "சொல்லாதே! அல்லாஹ்வுக்கும் உனக்கும் தெரிஞ்சாப் போதும். மூணாவது ஆளு எதுக்கு?" என்பார். எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லி ஒருத்தி சீட்டை நீட்டினாள். அதை வாங்கி, படிக்காமல் நான்காய்க் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

ஆனால் எங்கள் ஊர் பாஸ்வேர்டை யாரும் சொல்லித் தெரியவேண்டியதே இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு, அது முன்னால் வரும். பின்னால் 786. கீழக்கரையில் பாதிப்பேரின் கடிதப்பெட்டி இப்படித்தான் பூட்டிக் கிடந்தது. பிஸ்மில்லாவுக்கு உரிய எண்ணைப் போட்டால் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. லாத்தா அதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். "ஊருக்கே தெரிஞ்ச இடத்துல சாவியை வச்சிட்டு எதுக்குடி பூட்டு? பரக்கத்தை துஆவுல, அல்லாஹ்கிட்ட கேளு. பூட்டுக்கு உன் மனசுல மட்டும் இருக்கிறதைப் போடு." யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத, நீளமான, நான்கைந்து சொல் சேர்ந்த ஒன்றை யோசிக்கச் சொல்லி அரைமணி நேரம் உட்காரவைப்பார். எழுதப் படிக்கத் தடுமாறுகிற மாமிமார்கூட ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நாலுதரம் தப்பு விட்டு, ஐந்தாவது தரம் திறந்துவிடுவார்கள். திறந்தவளுக்கு ஒரு துண்டு தொதல் இனிப்பு கிடைக்கும். கூடவே ஒரு அதட்டலும் கிடைக்கும். "தின்னுட்டுக் கையைக் கழுவாம கீபோர்டைத் தொட்டே, தொலைச்சிருவேன்."

எழுந்து போகும்போது ஒரு கேள்வி இருக்கும். "அவுட் பண்ணிட்டியா?" முடுக்கின் முனை வரைக்கும் அந்தக் கேள்வி துரத்தும். பாதி வழி போனவள் திரும்பி வந்து சைன் அவுட் பண்ணிவிட்டுப் போவாள். அதனால் அவருக்கு 'அவுட்டு லாத்தா' என்று பெயர் வைத்தார்கள். கல்யாண வீடுகளில் அவர் மாதிரியே கேட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் நன்றாகவே நடித்துக் காட்டுவேன், அதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் நான்கு கம்ப்யூட்டரையும் துடைத்துவிடுவார். அன்று யார் எதைத் தேடினார்கள், எந்தப் பக்கம் திறந்தார்கள், எதை இறக்கினார்கள் என்பது எதுவும் மிஞ்சாது. "பாத்திரம் கழுவாம ராவுல போடுவியா?" என்பார். யார் எத்தனை மணிக்கு வந்து போனார்கள் என்று சட்டப்படி வைக்கவேண்டிய ஒரு நோட்டு மட்டும் இருந்தது. அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார்.

ஒருநாள் காலையில் திருவாடானைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகனுக்கு வெளிநாட்டு வேலை உறுதி என்று கடிதம் வந்திருக்கிறதாம். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும் மகனின் மெயில் பாஸ்வேர்டும் மதியத்துக்குள் அனுப்ப வேண்டுமாம், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. லாத்தா ஒரே கேள்வி கேட்டார்: "அவசரப்படுத்துறானா அய்யா?" அவர் ஆமாம் என்றார். "அவசரப்படுத்துறவன் கள்ளன். நல்ல வேலை கொடுக்கிறவனுக்கு உங்க மகன் லெட்டரைத் திறந்து படிக்க என்ன வேலை?" அவர் நம்பவில்லை. "ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டு மகன் பொழப்பைக் கெடுக்கவா?" என்று சத்தம் போட்டுவிட்டு எழுந்தார். லாத்தா வாசலை மறித்து நின்றார். மதியம் தாண்டும்வரை அவரை விடவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, திட்டு வாங்கிக்கொண்டு, நின்றார். அவர் பிறகு நன்றி சொல்ல வந்தாரா என்று கேட்டால், வரவில்லை. காப்பாற்றப்பட்டவனுக்குத் தான் காப்பாற்றப்பட்டது தெரியவே தெரியாது. அதுதான் அந்தத் தொழிலின் சாபம்.

இவர் ஏன் இப்படி ஆனார் என்று ஊர் நாலு கதை சொல்லும். யாரோ இவர் கடிதத்தைப் பிரித்துப் படித்தார்களாம் என்பது ஒன்று. நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாற்காலி கத்தியிருக்கும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம், மாப்பிள்ளை சவூதியில். எங்கள் ஊர் வழக்கப்படி நான் பிறந்த வீட்டில் உம்மாவோடேயே இருந்தேன். வாரம் இரண்டுமுறை லாத்தா கடைக்குப் போய் அவருக்கு எழுதுவேன். என் பாஸ்வேர்டு லாத்தாவின் வற்புறுத்தலில் வைத்த நீளமான ஒன்று. நோன்பு மாதம் முழுக்கப் போகாமல் இருந்துவிட்டுப் போனேன், மறந்துபோயிருந்தது.

"உனக்குன்னு ஒரு போன் நம்பர் இருந்தா அதுக்கு ஒரு எண்ணு வரும், புதுசா ஒரு பெட்டி திறந்துரலாம்" என்றார் லாத்தா. "ஒரு சிம் வாங்கிட்டு வா."

வீட்டில் ஒரே போன், அது உம்மாவின் இடுப்பில். தனி சிம் கேட்டதற்கு உம்மா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் தனி போனு?" என்று முடித்துவிட்டார். நான் திரும்பி வந்து லாத்தாவிடம் கெஞ்சினேன். "ஒங்க நம்பரையே போட்டுப் புதுசா ஒண்ணு திறந்து கொடுங்க லாத்தா."

"என் நம்பரைப் போட்டா அது என் பெட்டி. உன் பெட்டி இல்லை."

"நீங்க ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தா இந்தப் பாடு வருமா? எங்கிட்ட அப்படி என்ன இருக்குன்னு பூட்டிப் பூட்டி வைக்கச் சொல்றீக?"

"மாப்பிள்ளைக்கு எழுதுறேல்ல? அது இருக்கு."

நான் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன். நேராகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த இன்னொரு கடைக்குப் போனேன். அவன் ஐந்தே நிமிஷத்தில் புது மெயில் திறந்தான். அவன் நம்பரைப் போட்டான். பாஸ்வேர்டு அவனே வைத்தான், எங்கள் வீட்டுப் பட்டப்பெயரும் 786-ம். ஒரு நீள நோட்டை எடுத்து என் பெயருக்கு நேராக அதை எழுதினான். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெயர்கள் இருபதாவது இருக்கும். "மறந்தாலும் கவலை இல்லை தங்கச்சி, எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்தேன். உம்மாவிடமும் அப்படியே சொன்னேன். பாதி ஊர் அவனைப் பற்றி அப்படித்தான் சொன்னது. லாத்தா கடைக்குக் கூட்டம் குறைந்துகொண்டே போனது. அவரிடம் போனால் நாமே அடிக்கவேண்டும், இவனிடம் போனால் உட்கார்ந்தால் போதும்.

மூன்று மாதம் கழித்து என் மாப்பிள்ளை ஒரு படம் கேட்டார். தலைமுடியை விரித்துப் போட்டு, பூ வைத்து, கல்யாணத்தன்று இருந்த மாதிரி. சித்தி மகளின் கேமரா போனில் எங்கள் அறையில் எடுத்து, பஸ் ஸ்டாண்டுக் கடையில் திறந்த அந்த மெயிலிலிருந்து அனுப்பினேன். தலையில் துணி இல்லை, அவ்வளவுதான். கட்டிய மனைவி கட்டிய கணவனுக்கு அனுப்பிய படம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் அந்தப் படம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை வரைக்கும் போன் போனாகப் போனது. மீன் கடையில் பார்த்தார்கள், சலூனில் பார்த்தார்கள். எந்த வீட்டுக் குமருப்புள்ளை இப்படி அனுப்பியது, யாருக்கு அனுப்பியது என்று ஆராய்ச்சி நடந்தது. பெட்டியிலிருந்து அதைத் திருடியவன் யார் என்று ஒரு வாய் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. உம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. அவர் கேட்ட படம், அவர் வாய் திறந்தால் தீர்ந்துவிடும் விஷயம். அவர் திறக்கவில்லை.

என் மாமியாரின் தம்பிமார் இரண்டு பேர் கிளம்பி வந்தார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, லாத்தா கடைக்கு வந்தார்கள். இந்தப் பெண் இரண்டு வருஷம் அங்கேதானே போனாள், யாருக்கெல்லாம் எழுதினாள் என்று விசாரித்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று. முடிவென்றால் என் கல்யாணம்தான். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். உம்மாவும் நானும் திரைக்குப் பின்னால் உள்ளறையில் நின்றோம். திரையின் ஓரத்து இடைவெளியில் எனக்கு லாத்தாவின் நாற்காலி தெரிந்தது.

"ஒங்க கடையிலதான் ரெண்டு வருஷம் உக்காந்திருக்கு. யார் யாருக்கு எழுதுச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றார் மூத்தவர்.

"தெரியாது."

"கம்ப்யூட்டரைத் திறந்து காட்டுங்க."

"அதுல ஒண்ணும் இருக்காது. தெனமும் கழுவி விட்டுருவேன்."

"வந்து போற நோட்டாவது இருக்குமுல்ல?"

"இருக்கு. போலீஸ் எழுத்தோட வந்தாத் தாரேன். மாமன்மாருக்குக் காட்ட அது இல்லை."

உம்மாவால் பொறுக்க முடியவில்லை. திரைக்குள்ளிருந்தே அழுதபடி சொன்னார்: "ஏம்மா, அவ மாப்பிள்ளைக்கு மட்டுந்தான் எழுதுனான்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா. ஒன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கு. எம்புள்ள வாழ்க்கைம்மா."

நான் திரையின் இடைவெளியில் கண்ணை வைத்தேன். ஒரு வார்த்தை. அவர் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"நான் பாக்கலை" என்றார் லாத்தா. "பாக்காததை எப்படிச் சொல்லுவேன்? இன்னைக்கு இந்தப் புள்ளைக்கு நல்லதைப் பாக்காமச் சொன்னா, நாளைக்கு வேற ஒரு புள்ளைக்குக் கெட்டதைச் சொல்லுன்னு ஒருத்தன் வந்து நிப்பான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

இளையவர் கோபத்தில் தன் போனை எடுத்து மேசையில் டப்பென்று வைத்தார். "அப்ப இதைப் பாருங்க. இதையாவது பாத்துட்டு நாயம் பேசுங்க."

நாற்காலி கத்தியது. லாத்தாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சுவரோடு பேசினார்.

"அதை எடுங்க முதல்ல. ஒங்க அக்கா மருமகளோட தலைமுடி அது. அதைச் சட்டைப்பையில வச்சிக்கிட்டுப் பள்ளிக்குப் போய் தொழுதுட்டும் வந்திருக்கீக. ஒங்களுக்கு யாரு அனுப்புனா? அவனுக்கு யாரு அனுப்புனா? அவன் வீட்டு வாசல்ல போய் நின்னீகளா? திருடு கொடுத்தவ வீட்டு வாசல்ல வந்து நிக்கிறீகளே, வெக்கமா இல்லை?"

இளையவர் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூத்தவர்தான் முதலில் எழுந்தார். "இந்தம்மாவும் இதுக்குக் கூட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்றோம்" என்றார். இரண்டு பேரும் தெருக்கதவைத் திறந்துகொண்டு போனார்கள்.

நான் உம்மாவை இழுத்துக்கொண்டு முடுக்குக் கதவு வழியாக வீட்டுக்கு வந்தேன். ஊரிலேயே எனக்கு அன்று அதிகக் கோபம் அவர் மேல்தான். படத்தைத் திருடியவன் மேல்கூட அவ்வளவு இல்லை. பெரிய நேர்மை! ஒரு பொய்கூட வேண்டாம், உண்மையைத்தானே சொல்லச் சொன்னோம்? நான் மாப்பிள்ளைக்கு மட்டும்தானே எழுதினேன்? அவர் ஒருநாள், ஒரே ஒருநாள், தலையைத் திருப்பி என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்திருந்தால் என்ன?

மறுநாள் காலை எங்கள் வீட்டு முடுக்குக் கதவைத் தட்டியது அவர். யார் வீட்டுக்கும் போகாதவர். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாத்தா அதைக் கண்டுகொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "வா. அவன் திறந்து கொடுத்த பெட்டியை நீ திறக்கணும்" என்றார்.

எனக்குப் போக விருப்பமில்லை. ஆனாலும் போனேன். அவர் கடையில் உட்கார்ந்தேன். நாற்காலி கத்தியது. வீட்டுப் பட்டப்பெயரையும் 786-ஐயும் அடித்தேன். திறந்தது. திருடனுக்கு எவ்வளவு தைரியம், அதை மாற்றக்கூட இல்லை.

"இந்தப் பெட்டி எங்க எங்க எல்லாம் திறந்திருக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும். பாதுகாப்புன்னு போட்ட இடத்துக்குள்ள போ. என்ன எழுதியிருக்கு?"

வாசித்தேன். ஒரு கம்ப்யூட்டர். அப்புறம் ஒரு போன். போனுக்கு நேராக நாளும் நேரமும் வரிசையாக இருந்தன. காலையில், சாப்பாட்டு நேரத்தில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில். நான் அடுப்படியில் நின்ற நேரமெல்லாம் எவனோ என் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தான். என் மாப்பிள்ளை உடம்புக்கு முடியாமல் எழுதியது, நான் குழந்தை இல்லையென்று அழுது எழுதியது, எல்லாவற்றையும்.

"உங்கிட்ட போன் இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் லாத்தா.

"இல்லை."

"எப்பவாவது இருந்துச்சா?"

"எப்பவும் இல்லை லாத்தா. உம்மாதான் வாங்கித் தரலையே."

"அது போதும்."

பெண்ணுக்கு எதற்குத் தனி போன் என்றார்களே, அந்த மறுப்பே எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உடனே பாஸ்வேர்டை மாற்றப் போனேன். "இரு" என்றார். "முதல்ல அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடு. பெறகு பூட்டை மாத்து. காலடித் தடத்தை அழிச்சிட்டுக் கள்ளனைத் தேடக் கூடாது." அவன் நம்பரை எடுத்துவிட்டு வேறு நம்பர் போடவேண்டியிருந்தது. பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்த உம்மா, இடுப்பிலிருந்த போனை எடுத்து என் கையில் வைத்தார்.

அன்றே மூவரும் பஸ் ஏறி ராமநாதபுரம் போய்ப் புகார் கொடுத்தோம். போலீஸ் அவன் கம்ப்யூட்டரையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனது. அவன் போனில் என் பெட்டி மட்டும் திறந்து கிடக்கவில்லை. பாதித் தெருவின் பெட்டி கிடந்தது. அப்போதும் அந்த வீடுகளில் பலர், விஷயம் வெளியே வரக்கூடாதென்று, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பட்டியலின் நகலை மாமன்மாருக்கு அனுப்பினோம். வெள்ளிக்கிழமை முடிவு எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் சவூதியிலிருந்து என் மாப்பிள்ளை வாய் திறந்து, "நான்தான் கேட்டேன்" என்றார். பதினோரு நாள் கழித்து! அவரோடுதான் வாழ்கிறேன். இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பதினோரு நாளை நான் இன்னும் அவருக்கு மன்னிக்கவில்லை, அது அவருக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்காரன் ஜாமீனில் வந்தான். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கடை வைத்திருக்கிறான், ஏசி ஓடுகிறது, கூட்டம் அலைமோதுகிறது. ஆறு எண்களை உரக்க வாசிக்கிறார்கள். லாத்தாவின் கடையோ அந்த வருஷமே மூடிவிட்டது. "அந்தக் கடைக்குப் போனா போலீசு வரும்" என்று புள்ளைகளைத் தடுத்தார்கள். எந்தக் கடைக்குப் போனதால் போலீஸ் வந்தது என்று நினைத்துப் பார்க்க எங்கள் ஊருக்கு நேரமில்லை. தன் உம்மாவின் வைத்தியத்துக்கென்று லாத்தா சென்னைக்குப் போனதாகச் சொன்னார்கள். அவர் நம்பர் என்னிடம் இல்லை, அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு படமில்லை, ஒரு வரி இல்லை. கிடைக்காதது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். புகார் கொடுத்த அன்று, ஊரில் சுற்றுகிற அந்தப் படத்தின் ஒரு பிரதி வேண்டும் என்று போலீஸ் கேட்டது. மறுநாள் லாத்தா கடைக்கே போனேன், வேறு எங்கே போவேன்? சித்தி மகளுக்கு யாரோ அனுப்பியதை உம்மாவின் போனுக்கு வாங்கி வைத்திருந்தேன். வயரைச் சொருகுவதிலிருந்து பிரிண்ட் கொடுப்பதுவரை எல்லாவற்றையும் லாத்தா சுவரைப் பார்த்தபடியே சொல்லச் சொல்ல நான் செய்தேன். மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பிய மெயிலையும் போலீஸ் கேட்டிருந்ததால் என் பெட்டியையும் திறந்திருந்தேன். பிரிண்டர் இரைந்தது. நெற்றி, கண், விரித்த முடி, பூ என்று என் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவர் முதுகுக்கு மூன்றடி பின்னால்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் லாத்தா."

"கவருக்குள்ள வச்சு ஒட்டிட்டியா?"

"ஒட்டிட்டேன்."

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதை அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

அதற்கப்புறம்தான் நாற்காலி கத்தியது. திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார். அந்த நாட்கள் முழுக்க என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்கள். சொந்த உம்மாகூட. ஊரே பார்த்துவிட்ட படத்தைப் பார்க்காத ஒரே ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தது என்னைத்தான். முந்தாநாள் அவரிடம் நாங்கள் கேட்ட சாட்சியைவிட இது எனக்கு எவ்வளவு பெரியது என்று அந்த நிமிஷம் புரிந்தது. நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அவர் அழ விட்டார். நான் முடித்து, கண்ணைத் துடைத்து, கவரை எடுத்துக்கொண்டு முடுக்குக் கதவைத் தாண்டியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவுட் பண்ணிட்டியா?"

திரும்பிப் போய்ப் பண்ணிவிட்டு வந்தேன்.